ஏரிக்கரையில் சமைத்தது யார்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். பெரியாறு ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கிய அனுபவம். நண்பர்கள் பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ‘கண்ணை மூடினா அங்கேயே இருக்கற மாதிரி இருக்கு’ என்று எழுதினார்கள். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அம்மா அதைக் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, சமையலுக்கு நடுநடுவே, இரண்டு நாள் எடுத்துப் படித்தாள். முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. அங்க சமைச்சது யாரு?”

“ஆள் இருந்தாங்கம்மா.”

“அப்புறம் ஏன் யாருமே இல்லாத காடுன்னு எழுதியிருக்க?”

எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. அது ஒரு மனநிலையைச் சொல்வதற்காக எழுதியதும்மா, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றேன். ‘சரி’ என்று போய்விட்டாள். ஆனால் கேள்வி போகவில்லை. அதற்குப் பிறகு இணையத்தில் எந்தக் காட்டுப் பயணக் கட்டுரையைப் படித்தாலும், சரளமான நடை, அழகான அந்தி, எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. இங்கே சமைத்தது யார்? தண்ணீர் எடுத்து வந்தது யார்? ராத்திரி முழித்திருந்தது யார்?

தமிழில் இப்போது நிறைய எழுதப்படுகிற ஒரு வகைமையைப் பற்றிய விமர்சனம் இது. பிறருடைய கட்டுரைகளை வரிசையாக நிற்கவைத்து அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அந்த வகைமையின் எல்லாக் குறைகளும் என் கட்டுரையில் இருக்கின்றன. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

*

‘கிளாம்பிங்’ என்ற சொல்லைத் தமிழில் பெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை. கிளாமரையும் கேம்பிங்கையும் ஒட்டிச் செய்த சொல். கூடாரம் உண்டு, குனிந்து நுழைய வேண்டாம். காடு உண்டு, கூடவே மெத்தையும் உண்டு. சென்னையில் என் வயதுக்காரர்களுக்கு இதன் சடங்குகள் எல்லாம் அத்துப்படி. பாண்டி பஜாரில் சீக்கிரம் காய்கிற சட்டையும் தலையில் மாட்டுகிற விளக்கும் வாங்குவது. வெள்ளிக்கிழமை இரவு அடையாறு சிக்னல் பக்கம் முதுகுப்பையோடு வேனுக்குக் காத்து நிற்பது. திங்கள் காலை அதே சிக்னலில் இறங்கி, நேராக அலுவலகம் போவது.

இது புதுப் பழக்கமும் இல்லை. வெள்ளைக்காரக் கலெக்டர்கள் மாவட்டம் சுற்றும்போது கூடாரம், கட்டில், பாத்திரம், சமையல்காரர் என்று ஒரு வீடே மாட்டு வண்டியில் முன்னால் போகும். துரை குதிரையில் வந்து இறங்கும்போது தேநீர் தயாராக இருக்கும். ‘கேம்ப்’ என்ற சொல் நம் அரசு அலுவலகங்களில் இன்றும் புழங்குவது அந்த வழியில் வந்ததுதான். கூடாரத்தின் சொகுசு என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே யாரோ அங்கே போயிருக்கிறார்கள்.

என் பயணத்தில் இரண்டு இரவுகள். கட்டுரையில் அவற்றை ஒரே இரவாக்கியிருந்தேன். முதல் இரவு காப்பகத்துக்கு வெளியே, காட்டு விளிம்பில், தனியார் கூடாரம் ஒன்றில். மரத்தளம், வெள்ளை விரிப்பு, சூரிய மின்விளக்கு, மூங்கில் பல்துலக்கி, எஃகுத் தண்ணீர் பாட்டில், எருவாகிற கழிப்பறை. பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. இவற்றைக் கேலி செய்ய மாட்டேன். மலையில் கான்கிரீட் கொட்டி நாலு மாடி கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

காலை ஆறு மணிக்கு வாசலில் வெந்நீர் இருந்தது. வைத்தவரைப் பார்க்கவில்லை. பார்க்காதபடிதான் அந்த இடமே அமைந்திருந்தது. விருந்தினர் நடக்கும் பாதை பள்ளத்தாக்கைப் பார்த்து வளைந்து வளைந்து போகும். வேலை செய்பவர்களின் பாதை மூங்கில் தட்டிக்குப் பின்னால், சமையல்கட்டிலிருந்து நேராக. இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமியது மட்டும் ஒருமுறை கேட்டது.

இரண்டாம் இரவு காப்பகத்துக்கு உள்ளே, ஏரியின் கை ஒன்று காட்டுக்குள் நீண்டு வருகிற கரையில். இது வனத்துறையின் ஏற்பாடு, ‘டைகர் டிரெயில்’ என்று பெயர். கூடாரம் சாதாரணமானது, தரையில்தான் படுக்கை. கூட வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர்கள் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக ‘வயனா’ மரத்தின் பட்டையை உரித்தவர்கள். இலவங்கத்தின் உறவு அந்த மரம். பட்டைக்குச் சந்தையில் விலை உண்டு. வழக்குகள், தலைமறைவு, சிறை என்று இருந்தவர்கள். 1990-களின் பின்பாதியில், உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வனத்துறை அவர்களோடு பேசியது. வழக்குகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அவர்கள் ஒரு குழுவாகி, பயணிகளுக்கு வழிகாட்டவும் காட்டைக் காவல் காக்கவும் ஆரம்பித்தார்கள். தாங்கள் திருடிய பாதைகளிலேயே திருடர்களைத் தேடுகிறார்கள். பெரியாறைப் பற்றி எழுதுகிற யாரும் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டிய கதை இது. எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தக் குழுவில் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்:

“முன்னெல்லாம் இந்தப் பக்கம் ராத்திரியிலதான் எங்களுக்குத் தெரியும் பாப்பா. பகல்ல இந்த ஏரி எப்படி இருக்கும்னு பாத்ததே இந்த வேலைக்கு வந்தப்புறம்தான்.”

இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்த பிறகும் நான் எழுதியது என்ன தெரியுமா? ‘மனித வாசனையே படாத கரையில் நான் மட்டும் இருந்தேன்.’

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தனியார் கூடாரத்திலாவது மூங்கில் தட்டி இருந்தது, மறைத்தது. ஏரிக்கரையில் எந்தத் தட்டியும் இல்லை. அவர்கள் என் முன்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார்கள், எனக்கு அட்டைக்கடி படாமலிருக்க முழங்கால்வரை துணியுறை கட்டிவிட்டார்கள், கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்கள். அங்கே இல்லாத தட்டியை வீட்டுக்கு வந்து, மேசையில் உட்கார்ந்து, என் உரைநடையில் நானே கட்டினேன்.

*

ஏன் அப்படி எழுதினேன்? நேர்மையாக யோசித்தால், அவர் வந்தால் ‘மூட்’ கெட்டுப்போகும் என்று நினைத்தேன். ஏரி, மூடுபனி, தூரத்தில் ஒரு மிளா, நான். இந்தப் படத்துக்குள் வெங்காயம் நறுக்குகிறவருக்கு இடமில்லை என்று என் ரசனை சொன்னது. அந்த ரசனை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. தமிழ்க் கவிதை மரபிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

தொல்காப்பியம் ஒரு நிலத்தை எப்படிச் சொல்கிறது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். மனதில் நிகழ்வது உரிப்பொருள். இரண்டுக்கும் நடுவே கருப்பொருள் என்று ஒரு பட்டியல்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பட்டியல். இப்போது திரும்பிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மரத்துக்கும் பறவைக்கும் சமமாக அதே வரிசையில் உணவும் தொழிலும் நிற்கின்றன. யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது சேராமல் குறிஞ்சியும் இல்லை, முல்லையும் இல்லை. தேன் எடுப்பது, தினைப்புனம் காப்பது, மாடு மேய்ப்பது எல்லாம் அந்த நிலத்தின் பகுதி. தொழிலுக்கு அந்த நூல் பயன்படுத்துகிற சொல் ‘செய்தி’. செய்வது, செய்தி. இன்றைக்கு அந்தச் சொல்லை நாம் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

என் கட்டுரையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். முதற்பொருள் இருக்கிறது: ஏரி, மார்கழி, விடியல். உரிப்பொருள் தாராளமாக இருக்கிறது: என் தனிமை, என் தேடல், ஒரு பழைய பிரிவு. கருப்பொருளில் விலங்கும் மரமும் பறவையும் இருக்கின்றன. உணவு ‘சூடான எளிய உணவு’ என்ற மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது. தொழில் இல்லவே இல்லை. ஆக, நான் எழுதியது திணை ஆகவில்லை. வெறும் ‘வியூ’.

நம் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. காடு எழுதுபவரின் மனதுக்கு ஒரு கண்ணாடி. கடைசிப் பத்தியில் சூரியன் உதிக்கும், எழுதுபவர் எதையோ உணர்வார். காட்டைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. அங்கே தங்குபவர் சென்னையில் என்ன வேலை பார்க்கிறார், யாரைப் பிரிந்தார் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

மொழியும் இதற்கு ஒத்துழைக்கிறது. சூழலுக்கு இசைவான விடுதிகளின் அறிமுகக் கையேடுகளைத் தமிழில் படித்துப் பாருங்கள். உணவு ‘பரிமாறப்படும்’. மழைநீர் ‘சேகரிக்கப்படுகிறது’. கழிவு ‘மறுசுழற்சி செய்யப்படுகிறது’. எல்லாமே செயப்பாட்டு வினை. எழுவாய் கிடையாது. ஆள் இல்லாமலே வேலை நடந்துவிடுகிறது. நம் கட்டுரைகள் அந்தக் கையேடுகளைக் கிண்டல் செய்துகொண்டே அதே இலக்கணத்தில் எழுதுகின்றன. என் கட்டுரையிலேயே ‘நெருப்பு மூட்டப்பட்டது’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ஈர விறகில், மூன்று முறை ஊதி, கண்ணெரிய அந்த நெருப்பை மூட்டியவர் எனக்கு எதிரேதான் இருந்தார்.

*

இப்போது அந்த ஏரி. ‘ஆதி இயற்கை’ என்று நான் எழுதிய ஏரி.

அது ஆதியும் இல்லை, ஏரியும் இல்லை. அணையின் தேக்கம். திருவிதாங்கூர் சமஸ்தானமும் மதராஸ் அரசும் 1886-இல் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம் போட்டன. பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் அணை 1895-இல் முடிந்தது. மலைக்காய்ச்சலிலும் வெள்ளத்திலும் கூலிகள் செத்துச் செத்துக் கட்டிய அணை. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். பள்ளத்தாக்கு மூழ்கியபோது மரங்களும் மூழ்கின. அவற்றின் கருத்த அடிமரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். அத்தனை பேரும் எடுக்கிற படம் அது. நானும் எடுத்தேன், ‘காலம் உறைந்த மரங்கள்’ என்று கீழே எழுதினேன். காலம் ஒன்றும் உறையவில்லை. 1895 என்று தேதி சொல்லலாம்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. அம்மாவுக்குச் சொந்த ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை. தேனி மாவட்டத்தில், கம்பத்தைத் தாண்டி, குமுளி மலையேறுவதற்கு முன் வருகிற கூடலூர். தாத்தாவின் வயலுக்குப் பாய்ந்தது இந்தத் தண்ணீர். அந்தப் பக்கம் வீடுகளில் சாமி படங்களோடு பென்னிகுயிக் படமும் மாட்டியிருக்கும். சென்னையில் நான் படித்த பள்ளிக் கட்டணத்தில் அந்த வயலின் நெல் இருக்கிறது. என் வேன் விடியற்காலை அந்த ஊர் வழியாகத்தான் மலையேறியது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடை மாளிகை இருக்கிறது. இப்போது கேரள அரசின் சுற்றுலா விடுதி. படகில்தான் போக முடியும். ராஜா ஓய்வெடுக்க வந்த இடம், வேட்டைக்கான காடு, பிறகு சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம், 1982-இல் அதன் மையப் பகுதி தேசியப் பூங்கா. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஓய்வெடுக்க, மன்னான்கள், பளியர்கள் போன்ற காட்டுவாசிகள் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். தேக்கடியில் படகு, மூங்கில் தெப்பம், இரவு நடை என்று நாம் வாங்குகிற ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் அவர்களில் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

*

தமிழில் இப்படி எழுதாதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நாம் கொண்டாடுகிற காட்டு எழுத்தெல்லாம் வேலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஜெயமோகனின் ‘காடு’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சியின் பித்தேறிய நாவல் என்று அதைச் சொல்கிறோம். ஆனால் கிரிதரன் காட்டுக்குப் போவது அழகை ரசிக்க இல்லை. மாமாவின் கல்வெர்ட் கான்ட்ராக்ட் வேலைக்கு. குட்டப்பன் இல்லாமல் அந்தக் காடு நமக்குத் திறந்திருக்காது. அவருடைய ‘யானை டாக்டர்’ கதையில் டாக்டர் கே-யின் காட்டை நாம் அறிவது அழுகிய யானையை அறுத்துப் பார்க்கும் கைகள் வழியாக. யானையின் காலில் பீர் பாட்டில் துண்டு ஏறும் இடம் யாருக்கு மறக்கும்? அந்த பாட்டிலை எறிந்தவனும் இயற்கையை ரசிக்க வந்தவன்தான். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்த ‘எரியும் பனிக்காடு’ இரண்டிலும் மலையின் அழகு குறைவாகவா இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அந்த அழகின் நடுவே யார் விதைக்கிறார்கள், யார் கொழுந்து பறிக்கிறார்கள், யார் அடி வாங்குகிறார்கள் என்பதும் தெரிகிறது.

இன்னொருவர் மயிலாப்பூர்க்காரர், மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், வசித்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கிடைத்தால் படியுங்கள். யானைக்காடுகளில் அலைந்து படமெடுத்தவர்தான், ஆனாலும் காக்காய்க்கும் பல்லிக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார். நாற்பத்தாறு வருடம் என்பது விடுமுறை இல்லை, உத்தியோகம். அவர் இயற்கையிடம் ஓய்வு கேட்டுப் போகவில்லை, வேலைக்குப் போனார். நம் கட்டுரைகளுக்கும் அவருடையதற்கும் இடையே உள்ள தூரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

*

சென்னைவாசி ஒருத்தி ஏரியும் தேசியப் பூங்காவும் தேடி 500 கிலோமீட்டருக்கு மேல் போனதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மந்தைவெளியிலிருந்து ஆட்டோ தூரத்தில், அடையாறு தாண்டினால் கிண்டி தேசியப் பூங்கா. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. புள்ளிமான், வெளிமான், நரி, குளங்கள்.

அதன் வரலாற்றைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1821-இல் மதராஸ் அரசு அந்தப் பண்ணை வீட்டை வாங்கியது, கவர்னர் வார இறுதியில் வந்து ஓய்வெடுப்பதற்காக. அன்றாட வாசம் மவுன்ட் ரோடு பக்கம் இருந்த மாளிகையில். காற்று வாங்கக் கிண்டி. சென்னையின் முதல் கிளாம்பிங் என்றே சொல்லலாம். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஓய்வு வீடே நிரந்தர ராஜ்பவன் ஆனது. காட்டிலிருந்து ஐஐடிக்கும், காந்தி மண்டபத்துக்கும், குழந்தைகள் பூங்காவுக்கும் பிய்த்துக் கொடுத்தது போக மிச்சம் 1978-இல் தேசியப் பூங்கா. இன்றும் கவர்னர் அந்தக் காட்டோரத்தில்தான் இரவு தங்குகிறார். நாமெல்லாம் பகலில் சீட்டு வாங்கி, குழந்தைகள் பூங்காவில் மான் பார்த்துவிட்டு வரலாம்.

உள்ளே இருக்கிற நீர்நிலைகளில் ஒன்றுக்குக் காத்தான் கொல்லை என்று பெயர். கொல்லை என்றால் உழுது விதைக்கிற நிலம். ஒரு பெயரில் ஓர் ஆளும் அவருடைய வேலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலே காடு, மான், கவர்னர் தோட்டம், தேசியப் பூங்கா என்று எத்தனை அடுக்கு வந்தாலும் அந்தப் பெயர் போகவில்லை. நான் பெரியாற்றைப் பற்றி எழுதிய இரண்டாயிரம் சொற்களில் அப்படி ஒரு பெயர்கூட இல்லை.

*

ஒரு கட்டுரையில் சமையல்காரரை விட்டதற்கு இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ‘யாருமற்ற காடு’ என்ற சொல்லுக்கு விளைவு உண்டு.

மசினகுடி பக்கம் சிகூர் யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகள் அத்தனையும் அந்தச் சொல்லைத்தான் விற்றன. 2011-இல் உயர்நீதிமன்றம் சொன்னதை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது: அது யானைகளின் பாதை, விடுதிகள் காலி செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், அதே மசினகுடியில் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானை மீது எரிகிற பொருளை வீசினார்கள். காது வெந்து, அந்த யானை இறந்தது. காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதத்தில், வயநாட்டு மேப்பாடியில் தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரை இரவில் யானை கொன்றது. என்னைப் போல யாருமில்லாத இரவைத் தேடி வந்தவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு சாவுக்கும் அடியில் ஒரே பொய் இருக்கிறது. காடு காலியாக இருக்கிறது, நாம் போய் நிரப்பலாம் என்கிற பொய். அங்கே ஏற்கெனவே யானை இருந்தது. யானையின் வழி தெரிந்த மனிதர்களும் இருந்தார்கள்.

காலி என்ற சொல்லை வைத்து விடுதி கட்டலாம். அதே சொல்லை வைத்துத் தலைமுறையாக அங்கே இருப்பவர்களை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றும் சொல்லலாம். அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள 2006-இல் ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சட்டம் இயற்றுவதில்லை. ஆனால் காட்டைப் பார்க்காத லட்சம் பேருக்குக் காடு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பது நாம்தான்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் போவதால்தான் பட்டை உரித்த கைகளுக்கு வேறு வேலை கிடைத்தது. ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 2024-இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். போங்கள். மூங்கில் பல்துலக்கியும் எடுத்துப் போங்கள். எழுதும்போது மட்டும் எழுவாயைத் தொலைக்காதீர்கள்.

*

போன வாரம் அந்தக் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன். ‘மனித வாசனையே படாத கரையில்’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். இரவு இரண்டு மணி இருக்கும். அகழிக்கு அந்தப் பக்கம் மூங்கில் ஒடிகிற சத்தம். பயந்துபோய்க் கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டினேன். அவர் நெருப்புக்குப் பக்கத்தில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே சொன்னார்:

“ஆனதான். தண்ணிக்கு வந்திருக்கு. நீ படுத்துக்க பாப்பா, நான் முழிச்சிருக்கேன்.”

கம்பம் பக்கத்துத் தமிழ். எங்கள் பாட்டியின் தமிழ். நான் போய்த் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை எனக்குக் கிடைத்த அமைதி, கட்டுரையின் கடைசிப் பத்தியில் நான் ‘உணர்ந்த’ அமைதி, அவர் தூங்காததால் கிடைத்தது.

திருத்தியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். சின்ன வயதில் பட்டைக்கு மலையேறுகிற ஆட்கள் பொழுது சாய்ந்ததும் அவர்கள் தெரு வழியாகத்தான் போவார்கள் என்றாள். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பார்களாம், யாரும் யாரோடும் பேச மாட்டார்களாம். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். ‘நீ எங்க கேட்ட?’ என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து:

“அந்த ஆளு பேரு என்ன?”

நான் கேட்கவில்லை. இரண்டு பகல், ஓர் இரவு, அவர் கையால் நாலு வேளை சாப்பாடு. பெயர் கேட்கவில்லை.

அடுத்த முறை கூடலூரில் இறங்கி, அங்கிருந்து போகலாம் என்றிருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.